கையிருப்பைத் தின்னும் காய்ச்சல்

ஜலதோஷம் பிடித்தால் நம்மில் பலர் இரண்டு நாள் மிளகு ரசத்தோடு ஓட்டிவிட்டு மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அதே வைரஸ் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவருக்குத் தொற்றினால், ஒரு வாரத்துக்குள் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் துணையோடு மூச்சுவிட நேரலாம். இத்தனைக்கும் வைரஸ் அவருடைய தசைக்குள் நுழையவில்லை, நரம்பையும் தொடவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, எல்லோரிடமும் செய்வதைத்தான் அவரிடமும் செய்தது. அப்படியிருக்க, நெஞ்சை விரித்து மூச்சை இழுக்கும் தசைகள் ஏன் ஓய்ந்துபோகின்றன? இந்தக் கேள்வியின் பின்னாலேயே போனால் உடம்பின் மிக நுட்பமான இடங்களில் ஒன்றுக்குப் போய்ச் சேரலாம்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். காலையில் எழும்போது எல்லாம் சரியாக இருக்கும். பொழுது சாயச் சாய ஓர் இமை இறங்கும். ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் முதல் நாலு வாய் நன்றாக மெல்ல முடியும். பாதிச் சாப்பாட்டில் தாடை நின்றுவிடும், கையால் தாங்கிப் பிடித்து மெல்ல வேண்டியிருக்கும். தலை சீவ உயர்த்திய கை நடுவிலேயே கீழே இறங்கும். பேசப் பேசக் குரல் மூக்கு வழியாகக் கசியும். சற்று ஓய்வெடுத்தால் எல்லாம் திரும்பி வரும். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இல் வெளியான தன் நூலில் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்: நீளமாகவோ அவசரமாகவோ பேசினால் அவருக்குப் பேச்சே நின்றுபோகும், ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் குரல் திரும்பும். உலக அளவில் பத்து லட்சம் பேரில் சுமார் 150 முதல் 200 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. வந்துபோகும் நோய் என்பதாலேயே இவர்களில் பலருக்கு ‘சோம்பல்’, ‘எல்லாம் மனசுதான்’ என்ற பேச்சுதான் முதலில் கிடைக்கிறது. அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இந்த நோயின் பொறிநுட்பத்தைப் பார்த்தால் புரியும்.

விரலை மடக்க நினைத்ததும் மூளையிலிருந்து கிளம்பும் மின்துடிப்பு, தண்டுவடம் வழியாக நரம்பில் இறங்கி வருகிறது. ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமனை ஆயிரத்தைந்நூறு கூறாக்கினால் ஒரு கூறு அவ்வளவு இருக்கும். இந்த இடத்துக்கு நரம்பு-தசைச் சந்திப்பு என்று பெயர். மின்துடிப்பு இந்த இடைவெளியை நேராகத் தாண்டாது. ஆகவே நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அடைத்த நுண்பைகள் காத்திருக்கின்றன. ஒரு பைக்குள் பத்தாயிரம் மூலக்கூறுகள் வரை இருக்கும். ஒரு துடிப்பு வந்ததும் சில பத்துப் பைகள் திறந்து, சில லட்சம் மூலக்கூறுகள் இடைவெளியில் கொட்டுகின்றன.

எதிர்க்கரையில் தசையின் பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புகளின் மேல்விளிம்பில் ஏற்பிகள், அதாவது மருத்துவர்கள் ரிசப்டர் என்று சொல்லும் புரதங்கள், நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை பக்கமாகக் கொண்ட சின்னஞ்சிறு சதுரத்துக்குள் சுமார் பத்தாயிரம் ஏற்பிகள். அதே நெருக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரை நிரப்பினால் ஆயிரம் கோடி ஆகும்; உலக மக்கள்தொகையைவிட அதிகம். ஒவ்வோர் ஏற்பியும் ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த புரதம், நடுவில் ஒரு துளை. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் துளை திறந்து, ஆயிரக்கணக்கான சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. தசை சுருங்குகிறது. அடுத்த நொடியே இடைவெளியைத் துப்புரவாக்க வேண்டுமே, இல்லாவிட்டால் அடுத்த கட்டளை கேட்காது. அதற்கும் அங்கேயே கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி பதிந்திருக்கிறது. மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலினை வெட்டித் தள்ளுகிறது. கொட்டியது, ஒட்டியது, திறந்தது, துப்புரவானது, எல்லாம் முடிய ஓரிரு மில்லிவினாடி போதும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வேகமோ நெருக்கமோ அன்று, இதிலுள்ள உபரி. தசை ஒருமுறை சுருங்குவதற்கு எவ்வளவு சமிக்ஞை தேவையோ, அதைப்போலப் பல மடங்கு ஒவ்வொரு துடிப்பிலும் கிடைக்கிறது. மாதச் செலவு பத்தாயிரம் உள்ள வீட்டில் நாற்பதாயிரம் வருமானம் வருவதுபோல. ஏன் இவ்வளவு கையிருப்பு? நரம்பு அடுத்தடுத்துத் துடிக்கும்போது முதல் துடிப்புக்குக் கொட்டிய அளவை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கொட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது. எனக்கும் உங்களுக்கும் இப்போதும் அது குறைந்துகொண்டுதான் இருக்கிறது. கையிருப்பு அதை மூடி மறைத்துவிடுகிறது. பேச்சாளர் ஒருவர் இரண்டு மணி நேரம் முழங்குவதும், உதரவிதானம் ஆயுள் முழுக்க ஓயாமல் ஏறி இறங்குவதும் இந்த உபரியின் தயவால்தான்.

மயஸ்தீனியா கிராவிஸ் இந்தக் கையிருப்பைக் காலிசெய்யும் நோய். அதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பாம்பின் விஷம். 1963-இல் தைவானில் சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள் கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த பாம்பின் விஷத்திலிருந்து ஆல்பா-பங்காரோடாக்சின் என்ற நச்சைப் பிரித்தார்கள். அது தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தேடிப்போய் ஒட்டும். ஒட்டினால் எளிதில் விடாது. நம்மூர்க் கட்டுவிரியன் கடித்தவருக்கும் முதலில் இமை சரிகிறது, பிறகு விழுங்க முடியாமல் போகிறது, கடைசியில் மூச்சுத் தசை ஓய்கிறது. மயஸ்தீனியா படிப்படியாகச் செய்வதை விஷம் சில மணி நேரத்தில் செய்துவிடுகிறது. 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கதிரியக்கக் குறி போட்ட இந்த நச்சைக்கொண்டு நோயாளிகளின் தசையில் ஏற்பிகளை எண்ணினார்கள். ஆரோக்கியமானவர்களிடம் உள்ளதில் 11 முதல் 30 சதவீதம்தான் மிச்சம் இருந்தது!

அதே 1973-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் இருவரும் மின்விலாங்கு மீனிலிருந்து எடுத்த ஏற்பிப் புரதத்தை முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவர்கள் விரும்பியது ஆய்வுக்குத் தேவையான எதிர்ப்பொருள் மட்டுமே. எதிர்ப்பொருள் என்பது ஆன்டிபாடி; அந்நியப் பொருளைக் கண்டால் உடல் செய்யும் ஒய் வடிவப் புரதம். முயல்கள் எதிர்ப்பொருளை உண்டாக்கின. கூடவே கால்கள் துவண்டு, மூச்சுத் திணறிச் சரிந்தன. மீனின் ஏற்பிக்கு எதிராகச் செய்த ஆயுதம் முயலின் சொந்த ஏற்பியையும் தாக்கிவிட்டது. மயஸ்தீனியா ஒரு தன்னுடல் தாக்குநோய், ஆட்டோஇம்யூன் நோய், என்று ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் சிம்ப்சன் 1960-இலேயே ஊகித்திருந்தார். முயல்கள் அதை மெய்ப்பித்தன. இன்னொரு சான்றை இயற்கையே காட்டுகிறது: நோயுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 10 முதல் 20 சதவீதம் பேர் சில வாரங்கள் மட்டும் தளர்ந்து, பால் குடிக்கத் திணறி, பிறகு முழுதும் தேறிவிடுகிறார்கள். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாக வந்தது, தீர்ந்தது, நோயும் போயிற்று.

உடல் முழுவதும் பரவிய மயஸ்தீனியா உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேரிடம் இந்த எதிர்ப்பொருள் இருக்கிறது. அது மூன்று விதமாகக் கெடுக்கிறது. சில எதிர்ப்பொருள்கள் ஏற்பியின் மேல் உட்கார்ந்து அசிட்டைல்கோலினுக்கு இடம் விடுவதில்லை. சில, தம் இரு கைகளாலும் அடுத்தடுத்த இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கின்றன. அப்படிப் பிணைக்கப்பட்ட ஏற்பிகளைத் தசை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது. சாதாரணமாகப் பத்து நாள் வாழும் ஏற்பி இரண்டு மூன்று நாளிலேயே போய்விடுகிறது. இவற்றையெல்லாம்விட மோசமானது, எதிர்ப்பொருள் அழைத்து வரும் காம்ப்ளிமென்ட் எனும் புரதக் கூட்டம். கிருமிகளின் உறையில் ஓட்டை போடுவதற்காக இரத்தத்தில் திரியும் அந்தப் புரதங்கள் இங்கே தசையின் உறையையே துளைக்கின்றன. அழகாக மடிந்திருந்த பரப்பு தட்டையாகிவிடுகிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. மறுகரையில் ஏற்பிகள் குறைந்த செய்தி எப்படியோ நரம்பு முனைக்கு எட்டுகிறது. அது ஒரு துடிப்புக்கு இன்னும் அதிகப் பைகளைத் திறக்கிறது. தசையோ புது ஏற்பிகளை முன்னைவிட மும்முரமாகச் செய்கிறது. இப்படி இரு கரையும் சேர்ந்து எப்படியோ சமாளிக்கின்றன. காலையில் நன்றாக இருப்பவர் மாலையில் தளர்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? கையிருப்பு இல்லாதவரிடம், துடிப்புக்குத் துடிப்பு குறையும் அசிட்டைல்கோலின் அப்பட்டமாக வெளியே தெரிகிறது. செலவுக்கும் வரவுக்கும் மயிரிழை வித்தியாசம்தான். அந்த நிலையில்தான் வைரஸ் வந்து சேர்கிறது.

அது முதலில் எழுப்புவது தற்காப்புப் படையை. வைரஸ் நுழைந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியிடுகின்றன. பின்னாலேயே வேறு பல அழற்சிச் சமிக்ஞைகள். நோயெதிர்ப்பு மண்டலம் முழுவதும் விழித்துக்கொள்கிறது. வைரஸுக்கு எதிரான செல்கள் மட்டும் எழுந்தால் பரவாயில்லை. ஏற்பிகளுக்கு எதிராகப் பயிற்சி பெற்ற செல்களும் அந்தச் சத்தத்தில் எழுந்துவிடுகின்றன. இதற்கு மருத்துவமனைகளிலிருந்தே ஒரு சாட்சி உண்டு. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரானையே ஊசி மருந்தாகக் கொடுத்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற சிலருக்கு மயஸ்தீனியா புதிதாகத் தோன்றியது, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு முற்றியது.

வைரஸுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு இன்னும் பழையதாக, நோய் தொடங்கும் இடத்திலேயே இருக்கலாம் என்று நினைக்கக் காரணங்கள் உள்ளன. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கேதான் சோதிக்கப்படுகின்றன. சொந்த உடலைத் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. நுழைவதில் மிகச் சிலவே உயிரோடு வெளியேறும். சோதனைக்கு மாதிரியாக உடலின் பலவகைப் புரதங்களை தைமஸ் தானே தயாரித்து வைத்திருக்கிறது, அசிட்டைல்கோலின் ஏற்பி உட்பட. 2013-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் வைரஸின் மரபுப்பொருளைப் போலத் தோன்றும் செயற்கை இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தைமஸ் செல்களுக்குக் கொடுத்தார்கள். வைரஸ் வந்துவிட்டது என்று நம்பி அந்தச் செல்கள் இன்டர்ஃபெரானை உண்டாக்கின. அதன் தூண்டுதலால் ஏற்பிப் புரதத்தின் ஒரு துண்டையும் அதிகமாகத் தயாரித்தன. அதே பொருளைச் செலுத்திய எலிகளுக்கு ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளும் தசைத் தளர்ச்சியும் வந்தன. ஒரு நிஜ வைரஸ்கூட இல்லாமல், வைரஸ் வந்ததுபோன்ற அறிகுறி ஒன்றே போதுமாக இருந்தது. இளவயதில் நோய் தொடங்கியவர்கள் பலரின் தைமஸில், எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் குடியேறிய திட்டுகளே காணப்படுகின்றன. சுரப்பியை அறுவை மூலம் எடுத்துவிட்டால் நோய் தணிகிறது, ஸ்டீராய்டு தேவையும் குறைகிறது என்பதைப் பல நாடுகளில் 126 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் உறுதிசெய்தது.

இன்னொரு சுவையான தடயம், வாயோரத்தில் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் வைரஸ். அதன் புரதம் ஒன்றின் சிறு துண்டும் அசிட்டைல்கோலின் ஏற்பியின் சிறு துண்டும் ஒத்திருப்பதை 1989-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைரஸைக் குறிவைத்துச் செய்த எதிர்ப்பொருள் ஆள்மாறாட்டத்தில் ஏற்பியைத் தாக்க இந்த ஒற்றுமை இடம் கொடுக்கிறது. 2020-இல் இத்தாலியில் மூன்று பேருக்கு கோவிட் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரத்துக்குள் மயஸ்தீனியா வெளிப்பட்டது. எதிர்ப்பொருள் புதிதாக உருவாகி, ஏற்பிகளைத் தின்று தீர்க்க ஒரு வாரம் போதுமா என்பது என் சந்தேகம். ஏற்கெனவே மெல்லக் கரைந்துகொண்டிருந்த கையிருப்பை வைரஸ் அம்பலப்படுத்தியிருக்கவும் கூடும்.

இனி காய்ச்சலுக்கு வருவோம். கிருமியை எதிர்க்க உடலே ஏற்றிக்கொள்ளும் வெப்பம், நரம்பு-தசைச் சந்திப்புக்கு மட்டும் பாதகமாக முடிகிறது. இதைக் கண்ணால் பார்க்க எளிய சோதனை உண்டு. இமை சரிந்த ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை அந்த இமைமேல் இரண்டு நிமிடம் வைக்கிறார்கள். எடுத்ததும் கண்ணைத் திறக்கச் சொல்கிறார்கள். கருவிழியை மூடியிருந்த இமை இரண்டு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஏறி நிற்கும்! சில நிமிடத்தில் சூடு திரும்பியதும் மறுபடி சரியும். ஊசியோ மருந்தோ இல்லாமல் மருத்துவர் தன் அறையிலேயே செய்துவிடும் சோதனை இது. குளிர்ச்சியில் கோலினெஸ்டெரேஸ் மெதுவாக வெட்டுகிறது, ஏற்பியின் துளையும் கூடுதல் நேரம் திறந்திருக்கிறது. ஆகவே இருக்கும் கொஞ்சம் அசிட்டைல்கோலினே போதுமானதாகிறது. வெப்பம் ஏறினால் எல்லாம் நேரெதிர். துளை சீக்கிரம் மூடிக்கொள்கிறது, சமிக்ஞை சுருங்குகிறது. நமக்கு 102 டிகிரி காய்ச்சலிலும் அது தெரியாது, கையிருப்பு இருக்கிறது. இவர்களுக்குச் சித்திரை வெயிலும் வெந்நீர்க் குளியலும்கூடத் தெரியும்.

வரவு இப்படிச் சுருங்கும்போது செலவு கூடுகிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் ஆற்றல் தேவை 10 முதல் 13 சதவீதம் உயரும். கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், கூடுதல் கரியமில வாயு வெளியேற வேண்டும், மூச்சு வேகமாக ஓட வேண்டும். சளியை வெளியேற்ற வலுவான இருமல் வேண்டும். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கோ எச்சிலும் சளியும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவுக்கு வழி செய்கின்றன. நிமோனியா காய்ச்சலை ஏற்றுகிறது. காய்ச்சல் தசையை மேலும் தளர்த்துகிறது. மூச்சுத் தசைகள் தாங்க முடியாமல் வென்டிலேட்டர் தேவைப்படும் நிலையை மயஸ்தீனியா நெருக்கடி என்கிறார்கள். நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் சந்திக்கிறார்கள்; காரணம் தெரிந்த நெருக்கடிகளில் தொற்றுதான் முதலிடம்.

இதில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பி ஏமாறக் கூடாது. இங்கே நுரையீரலைவிட, அதை விரிக்கும் தசைதான் முதலில் தோற்கிறது. ஆகவே முதலில் கரியமில வாயு தேங்குகிறது. ஆக்சிஜன் அளவு கடைசிக் கட்டம்வரை 96, 97 என்று காட்டிக்கொண்டிருக்கும். அதைவிட நம்பகமான கருவி நோயாளியின் குரலே. மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, நடுவில் மூச்சு வாங்காமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக, வினாடிக்கு இரண்டு எண் வீதம் எண்ண வேண்டும். ஆரோக்கியமானவர் ஐம்பதை ஒட்டிப் போய்விடுவார். காய்ச்சல் நாட்களில் காலையில் முப்பத்தைந்து, மாலையில் இருபத்தெட்டு, மறுநாள் இருபது என்று இறங்கினால் அன்று இரவே மருத்துவமனை போக வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுவது, தலை நிற்காமல் கழுத்து துவள்வது ஆகியவையும் அதே எச்சரிக்கைதான்.

காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் உதவாது; ஆனால் சீட்டில்லாமலே அசித்ரோமைசின் கைக்கு வந்துவிடுகிறது. அந்த வகை மருந்துகளும், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகையும் நரம்பு-தசைச் சந்திப்பில் சமிக்ஞையைக் குறைக்கக்கூடியவை. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கின்றன. கால்சியம் நுழையாவிட்டால் அசிட்டைல்கோலின் பைகள் திறக்காது. இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மக்னீசியமும் அப்படித்தான். நமக்கெல்லாம் இவை ஒன்றும் செய்யாமல் போவது அதே கையிருப்பின் புண்ணியத்தில். 2020-இல் கோவிட்டுக்கு உலகமே தேடி அலைந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அசித்ரோமைசின் இரண்டுமே மயஸ்தீனியா நோயாளிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பட்டியலில் உள்ளவை. பாராசிட்டமால் போன்ற எளிய மருந்து அவர்களுக்குப் பாதுகாப்பானது, காய்ச்சலைக் குறைப்பதால் இரட்டை நன்மையும்கூட.

கோவிட் இந்த நோயாளிகளைக் கடுமையாகவே சோதித்தது. 14 நாடுகளிலிருந்து ஒரு பதிவேட்டில் சேர்ந்த முதல் 91 பேரின் விவரம் 2020-இல் வெளியானது. 40 சதவீதம் பேருக்கு மயஸ்தீனியா முற்றி அவசர சிகிச்சை தேவைப்பட்டது. 24 சதவீதம் பேர் இறந்தார்கள். மருத்துவர்கள் தாமாக முன்வந்து சேர்த்த பதிவேடு என்பதால் தீவிரமான நோயாளிகளே அதில் அதிகம் இடம்பெற்றிருப்பார்கள். ஆனாலும் சாதாரண எண் இல்லை அது.

தடுப்பூசி என்றதும் இவர்களுக்கு நியாயமான ஒரு பயம் உண்டு: நோயெதிர்ப்பு மண்டலத்தை வேண்டுமென்றே தட்டியெழுப்பினால் மயஸ்தீனியாவும் எழாதா? தென்கொரியாவில் 258 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு இதற்கு 2017-இல் விடை தந்தது. ஃப்ளூ போன்ற காய்ச்சல் வந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் கூடியது. சாதாரண ஜலதோஷத்தில் சுமார் 15 சதவீதம். ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஊசி எழுப்புவது சிறு சலனம், அதுவும் சில நாட்களுக்கு. காய்ச்சலும் நிமோனியாவும் இல்லாத சலனம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அசதியோப்ரின், மைகோஃபினோலேட் போன்ற எதிர்ப்புத்திறன் தணிக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிகள் பொதுவாக ஆகாது. எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களையே ஒழிக்கும் ரிடுக்சிமாப் எடுத்தவருக்கு எந்தத் தடுப்பூசியும் சரியாகப் பலன் தருவதில்லை. ஆகவே எப்போது போடுவது என்று மருத்துவர் நாள் பார்க்கிறார். காய்ச்சல் வந்ததும் பயந்துபோய் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். நோய் நாட்களில் அது சுரக்க வேண்டியது சுரக்காது.

நெருக்கடியே வந்துவிட்டாலும் இன்று மீட்க முடிகிறது. வென்டிலேட்டர் பரவலாவதற்கு முன் நெருக்கடிக்கு உள்ளான பெரும்பாலோர் இறந்துபோனார்கள். இப்போது நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இறப்பு ஐந்து சதவீத அளவுக்கு வந்திருக்கிறது. எந்திரம் மூச்சைப் பார்த்துக்கொள்ளும் நாட்களில், எதிர்ப்பொருளைக் குறைப்பதே வேலை. ஒரு வழி, 1976-இல் லண்டனில் தொடங்கிய பிளாஸ்மா மாற்றம்: இரத்தத்தை வெளியே எடுத்து, எதிர்ப்பொருள் மிதக்கும் பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை மட்டும் திருப்பிச் செலுத்துவது. இன்னொரு வழி, ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை இரத்தக்குழாயில் ஏற்றுவது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 120 கிராம் அளவு, சில நாட்களில்.

எதிர்ப்பொருளால் வந்த நோய்க்கு மேலும் எதிர்ப்பொருளா? இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றில் என்னை வியக்க வைத்தது ஒன்று. இரத்தப் புரதங்கள் பலவற்றைவிட ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் நீண்ட நாள், சுமார் மூன்று வாரம், நீடிக்கிறது. செல்களுக்குள் எஃப்சிஆர்என் என்ற மீட்பு ஏற்பி இருப்பதே காரணம். சிதைவுக்குப் போகும் எதிர்ப்பொருளைப் பிடித்து மறுபடி இரத்தத்தில் விட்டுவிடுகிறது அது. நல்லதையும் கெட்டதையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது. வெளியிலிருந்து பெருமளவில் எதிர்ப்பொருளை ஏற்றும்போது மீட்புக்கான இடங்கள் நிரம்பிவிடுகின்றன. நோய் செய்யும் எதிர்ப்பொருளில் ஒரு பகுதி மீட்கப்படாமல் சிதைகிறது. இந்தத் தந்திரத்தையே மருந்தாக்கி, மீட்பு ஏற்பியில் இறுக ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள் துண்டை வடிவமைத்தார்கள். எஃப்கார்டிகிமாட் என்ற அந்த மருந்துக்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பொருள் குறைந்த சில நாட்களில், இரவும் பகலும் ஏற்பிகளைச் செய்துகொண்டே இருந்த தசையின் உழைப்பு முதன்முறையாக நிலைக்கத் தொடங்குகிறது. ஒரே மூச்சில் எண்ணும் எண் இருபதிலிருந்து இருபத்தெட்டு, முப்பத்தைந்து என்று ஏறுகிறது. வென்டிலேட்டர் குழாயை எடுத்தபின் நோயாளி தேறிவருவதை அந்த ஏற்றமும் காட்டும்.